50 ஆர்டருக்கு 301 குவெரி: நோட்.ஜேஎஸ் சர்வரில் டேட்டாலோடரைப் பொருத்தும் முறை

ஆர்டர்களைப் பட்டியலிடும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். டேட்டாபேஸிடம் கேட்கும் முதல் கேள்வியிலேயே, அதாவது முதல் குவெரியிலேயே, 50 ஆர்டர்கள் வந்துவிடுகின்றன. பிறகு ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளர் யார் என்று ஒரு குவெரி, அதில் என்னென்ன பொருட்கள் என்று இன்னொரு குவெரி, ஒவ்வொரு பொருளின் பெயரையும் விலையையும் எடுக்க மற்றொரு குவெரி. ஓர் ஆர்டருக்கு 4 பொருட்கள் என்று வைத்தால் 1 + 50 + 50 + 200, ஆக மொத்தம் 301 குவெரிகள். நிரல் எழுதுகிறவரின் கணினியில் ஐந்தாறு ஆர்டர்கள்தான் இருக்கும், டேட்டாபேஸும் அதே கணினியில்தான் ஓடும். அங்கே இது கண்ணில் படவே படாது.

லைவ் சர்வரில் கணக்கு மாறிவிடும். போஸ்ட்கிரஸுக்கான 'பிஜி' நூலகத்தின் கனெக்‌ஷன் பூலில், அதாவது டேட்டாபேஸுக்குத் திறந்துவைத்த இணைப்புகளின் தொகுப்பில், நாம் மாற்றாதவரை 10 கனெக்‌ஷன்கள். குவெரி ஒன்றுக்கு 2 மில்லி செகண்ட் என்றால் 300 குவெரிகள் பத்துப் பத்தாக 30 சுற்றில் முடிய 60 மில்லி செகண்ட் ஆகும். ஒருவர் பார்க்கும்போது பரவாயில்லை. 20 பேர் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திறந்தால் 6,000 குவெரிகள் அந்த 10 கனெக்‌ஷன்களுக்கு முன் வரிசையில் நிற்கும். கடைசி ஆளுக்கு 1.2 செகண்ட். தனித்தனியாக ஒவ்வொரு குவெரியும் 2 மில்லி செகண்டில் முடிந்துவிடுவதால் ஸ்லோ குவெரி லாகில் ஒன்றும் பதிவாகாது. இன்டெக்ஸ் சரியில்லையோ, சர்வர் போதவில்லையோ என்று தேடி நாட்கள் போய்விடும்.

வழி எளிதுதான். சாமான் ஒவ்வொன்றுக்கும் கடைக்கு ஓடாமல், சீட்டு எழுதிக்கொண்டு போய் ஒரே நடையில் வாங்கிவர வேண்டும். அதைச் செய்யும் நூலகம் டேட்டாலோடர். 2010-இல் ஃபேஸ்புக்குக்குள் உருவான 'லோடர்' என்ற யோசனையை ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதி 2015-இல் பொதுவில் வெளியிட்டார்கள். கிராஃப்க்யூஎல் (ஏபிஐக்கான ஒரு குவெரி மொழி) எழுதுபவர்கள் அதிகம் பேசுவதால் அது கிராஃப்க்யூஎல்லுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அப்படி இல்லை. எக்ஸ்பிரஸ், ஃபாஸ்டிஃபை, பின்னணியில் ஓடும் வொர்க்கர் என்று எங்கும் பொருந்தும். சரியாகப் பொருத்தினால் மேலே சொன்ன பக்கம் 4 குவெரிகளில் முடியும்: ஆர்டர்கள் ஒன்று, வாடிக்கையாளர்களும் ஆர்டர் வரிகளும் (எந்த ஆர்டரில் எந்தப் பொருள் என்ற பட்டியல்) ஒரே சமயத்தில் இரண்டு, பொருட்கள் ஒன்று.

சில வரிகளே உள்ள கருவி என்பதால் அரைகுறையாகப் பொருத்திவிட்டுப் போவதும் எளிது. அரைகுறையாகப் பொருத்தினால் வேகம் கூடாதது மட்டுமல்ல, ஒருவருடைய தகவல் இன்னொருவர் திரையில் தெரியும். அதனால் எங்கே தவறும் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

சீட்டு எப்போது கடைக்குக் கிளம்புகிறது

லோடரிடம் 'லோட்' என்று ஒரு கீயை (தேடும் ரெக்கார்டின் ஐடி போன்ற அடையாளத்தை) கொடுத்தால் உடனே ஒரு ப்ராமிஸ், அதாவது பதில் பிறகு வரும் என்ற வாக்குறுதி, திரும்ப வரும். குவெரி இன்னும் போயிருக்காது. கீ ஒரு பட்டியலில் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். பட்டியலில் முதல் கீ விழும்போதே அதை அனுப்பும் வேலையும் குறித்துவைக்கப்படுகிறது. அந்தக் குறிப்பு நோட்.ஜேஎஸ்-இல் இரண்டு படியாக நடக்கிறது: ஏற்கெனவே முடிந்த ஒரு ப்ராமிஸின் 'தென்' உள்ளே போய், அங்கிருந்து 'ப்ராசஸ்.நெக்ஸ்ட்டிக்' அழைக்கப்படுகிறது. ப்ராமிஸ் வேலைகளின் வரிசை முழுவதும் காலியான பிறகுதான் நோட் மீண்டும் நெக்ஸ்ட்டிக் வரிசைக்கு வரும் என்பதால், காத்திருக்கும் ப்ராமிஸ் வேலைகள் எல்லாம் தங்கள் கீக்களைச் சீட்டில் எழுதி முடித்த பிறகே சீட்டு கிளம்பும்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. வழியில் எத்தனை 'அவெய்ட்' இருந்தாலும், அவை ஏற்கெனவே முடிந்த ப்ராமிஸுக்காகக் காத்திருப்பவையாக இருந்தால் எல்லாக் கீக்களும் ஒரே பேட்ச்சில் (ஒன்றாகப் போகும் தொகுப்பில்) சேரும். நெட்வொர்க், டிஸ்க், டைமர் என்று வெளியே போய்வரும் எதற்காகவும் சீட்டு காத்திருக்காது. பேட்ச் ஏன் துண்டு துண்டாகப் போகிறது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இந்த விதியிலேயே பதில் இருக்கும்.

பேட்ச் ஃபங்ஷனை எழுதுதல்

என்பிஎம்-இல் 'டேட்டாலோடர்' என்ற பெயரிலேயே நிறுவிக்கொள்ளலாம். புதிய லோடரை உருவாக்கும்போது அதற்கு ஒரு ஃபங்ஷன் கொடுக்க வேண்டும். அது கீக்களின் அரே ஒன்றை வாங்கி, மதிப்புகளின் அரேயாக நிறைவேறும் ஒரு ப்ராமிஸைத் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தம் இரண்டே வரி: திரும்பும் அரேயின் நீளம் கீக்களின் நீளமாக இருக்க வேண்டும், ஒவ்வொரு மதிப்பும் அதன் கீ இருந்த அதே இடத்தில் இருக்க வேண்டும்.

இந்த இரண்டாவது வரியில்தான் ஆபத்து. நான்கு ஆர்டர்களுக்கு வாடிக்கையாளர் 7, 3, 12, 3 என்று லோட் அழைக்கப்படுகிறது. இரண்டாவது 3-க்கு முதல் 3-இன் ப்ராமிஸையே லோடர் கொடுத்துவிடும். ஆகவே பேட்ச் ஃபங்ஷனுக்கு வருவது 7, 3, 12. அந்த மூன்று ஐடிக்களையும் வைத்துக் குவெரி அனுப்பினால் டேட்டாபேஸ் ரெக்கார்டுகளை எந்த வரிசையில் வேண்டுமானாலும் தரும். 3, 7, 12 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அதை அப்படியே திருப்பிக் கொடுத்தால் நீளம் சரி, எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆனால் 7-ஆம் வாடிக்கையாளரின் ஆர்டரில் 3-ஆம் வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் இருக்கும். 3 நீக்கப்பட்டிருந்து 12-உம் 7-உம் மட்டும் வந்திருந்தால், நீளம் பொருந்தவில்லை என்று லோடரே பிழை எறியும்; அது நல்லது, உடனே தெரிந்துவிடும். குவெரியில் ஐடி வாரியாக வரிசைப்படுத்தினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. சரியாகாது. கீக்கள் எந்தக் காலத்திலும் ஐடி வரிசையில் வரும் என்று உறுதி இல்லை.

சரியான முறை மூன்று படி. குவெரியை அனுப்புங்கள். வந்த ரெக்கார்டுகளை ஐடியைக் கீயாக வைத்து ஒரு 'மேப்' ஆப்ஜெக்ட்டில் போடுங்கள். பிறகு, வாங்கிய கீக்களின் அரேயை ஒவ்வொன்றாக நடந்து, அந்த மேப்பிலிருந்து எடுத்துப் புதிய அரேயைக் கட்டுங்கள். இல்லாத கீக்கு 'நல்' (மதிப்பு இல்லை என்பதன் குறி) வையுங்கள். மேலே உள்ள உதாரணத்தில் 3 நீக்கப்பட்டிருந்தால் திரும்புவது: 7-இன் ரெக்கார்டு, நல், 12-இன் ரெக்கார்டு. எத்தனை லோடர் எழுதினாலும் இந்த மூன்றாம் படி மாறுவதில்லை. அதைத் தனி ஃபங்ஷனாக எழுதி எல்லா லோடர்களும் அதையே பயன்படுத்தும்படி வைத்துவிடுங்கள்.

இல்லாத கீக்கு 'நல்' வைப்பதா, பிழை வைப்பதா? உறவு விருப்பத்துக்குரியது என்றால் (ஆர்டருக்குக் கூப்பன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்) நல் போதும். கட்டாயம் இருக்க வேண்டிய ஒன்று என்றால் அந்த இடத்தில் ஒரு 'எரர்' ஆப்ஜெக்ட்டை வையுங்கள். அந்த ஒரு கீயின் ப்ராமிஸ் மட்டும் தோற்கும், மற்றவை பிழைத்துக்கொள்ளும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இப்படி இடத்தில் வைக்கும் எரரை லோடர் நினைவில் வைத்துக்கொள்ளும்; அதே கீயை மறுபடி கேட்டால் குவெரி போகாமல் அதே எரர்தான் வரும். பேட்ச் ஃபங்ஷனே முழுவதும் தோற்றால், அதாவது ப்ராமிஸ் நிராகரிக்கப்பட்டால், அந்தக் கீக்கள் நினைவிலிருந்து நீக்கப்படும், மறுபடி முயலலாம். டேட்டாபேஸ் கனெக்‌ஷன் அறுந்தது போன்ற தற்காலிகக் கோளாறை எரர் ஆப்ஜெக்ட்டாக மாற்றி ஒவ்வொரு இடத்திலும் வைக்காதீர்கள். அப்படியே எறியவிடுங்கள்.

'எல்லாமே நல் வருகிறதே'

முதல் முறை பொருத்துகிறவர்களில் பலர் முட்டிக்கொள்ளும் இடம் இது. குவெரி சரி, டேட்டாபேஸில் ரெக்கார்டுகள் இருக்கின்றன, மேப்பிலும் இருக்கின்றன. ஆனால் திரும்புவது நல்கள் மட்டும். காரணம் டைப். போஸ்ட்கிரஸில் ஐடி 'பிக்இன்ட்' அல்லது 'பிக்சீரியல்' என்றால் 'பிஜி' நூலகம் அதை எண்ணாகத் தராது, ஸ்ட்ரிங்காகவே தரும். ஜாவாஸ்கிரிப்ட் எண் 64-பிட் முழு எண்ணைத் துல்லியமாகத் தாங்காது என்பதற்கான பாதுகாப்பு அது. இப்போது மேப்பில் இருப்பது ஸ்ட்ரிங் "7", நாம் தேடுவது எண் 7. மேப்புக்கு இரண்டும் வேறு வேறு.

மேப்பில் போடும்போதும் தேடும்போதும் கீயை ஸ்ட்ரிங்காக மாற்றிவிடுங்கள். லோடரின் சொந்த நினைவிலும் இதே சிக்கல் உண்டு: யூஆர்எல்லில் இருந்து வந்த "7"-உம் ரெக்கார்டில் இருந்து வந்த 7-உம் இரண்டு கீக்களாகப் பதிவாகும். லோடர் உருவாக்கும்போது கொடுக்கும் 'கேச்கீஎஃப்என்' என்ற ஆப்ஷனில் கீயை ஸ்ட்ரிங்காக்கும் ஃபங்ஷனைக் கொடுத்தால் தீரும். மாங்கோடிபியின் ஆப்ஜெக்ட்ஐடிக்கு இது கட்டாயம். உள்ளே ஒரே மதிப்பு இருந்தாலும் ஒவ்வோர் ஆப்ஜெக்ட்டும் நினைவகத்தில் தனி என்பதால், இந்த ஆப்ஷன் இல்லாமல் ஒரே ஆவணத்தைப் பத்து முறை கேட்டால் பட்டியலில் பத்து கீக்கள் சேரும். யூயூஐடியில் (36 எழுத்து கொண்ட ஐடி) பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்து வருவதும் இதே வகைதான். போஸ்ட்கிரஸ் எப்போதும் சிறிய எழுத்தில் திருப்பித் தரும். மின்னஞ்சலைக் கீயாக வைக்கும் லோடரில் மைஎஸ்க்யூஎல்லின் எழுத்து வேறுபாடு பார்க்காத கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) இதே வேலையைக் காட்டும்: ரெக்கார்டு கிடைக்கும், மேப்பில் கீ பொருந்தாது.

கீயே நல் ஆகவோ அன்டிஃபைன்ட் ஆகவோ இருந்தால் லோட் உடனே டைப்எரர் எறியும். கூப்பன் ஐடி இல்லாத ஆர்டருக்கு லோட் அழைக்கும் முன்பே சரிபார்த்து நல் திருப்பிவிடுங்கள்.

ஒரு கெட்ட கீ மொத்தப் பேட்ச்சையும் கெடுக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். யூயூஐடி நெடுவரிசைக்கு "அஆஇ" போன்ற ஒன்று போனால் போஸ்ட்கிரஸ் குவெரியையே நிராகரிக்கும். அதோடு சேர்ந்த நல்ல கீக்கள் 49-உம் தோற்கும். வெளியிலிருந்து வரும் கீயின் வடிவத்தை லோடருக்கு முன்பே சோதியுங்கள்.

குவெரியின் வடிவம்

போஸ்ட்கிரஸில் 'இன்' பட்டியலைக் கையால் கட்டுவதைவிட, ஐடிக்களை ஒரே அரேயாக ஒரே பாராமீட்டரில் கொடுத்து '= எனி($1)' என்று எழுதுவது நல்லது. கீக்கள் 3 ஆனாலும் 300 ஆனாலும் குவெரியின் உரை மாறாது. குவெரிப் புள்ளிவிவரங்களில் ஒரே வரியாக நிற்கும். $1, $2, $3 என்று நீட்டினால் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஒரு புதுக் குவெரி. அதோடு ஒரு குவெரிக்கு 65,535 பாராமீட்டர் என்ற வரம்பும் உண்டு. மைஎஸ்க்யூஎல்2 நூலகத்தில் 'குவெரி' மெத்தட் ஒரு கேள்விக்குறிக்கு அரேயை விரித்துக்கொடுக்கும். 'எக்ஸிக்யூட்' மெத்தட் விரிக்காது. தகவலை மெமரியில் வைத்துத் தரும் ரெடிஸின் 'எம்கெட்' கேட்ட வரிசையிலேயே பதில் தரும், இல்லாததற்கு நல் தரும். மறுவரிசைப்படுத்தாமல் நேராகப் பயன்படுத்தக்கூடிய அரிய ஒன்று அது.

வரம்புகளுக்காகத்தான் 'மேக்ஸ்பேட்ச்சைஸ்' என்ற ஆப்ஷன் இருக்கிறது. நாம் சொல்லாதவரை அதற்கு எல்லை கிடையாது. எஸ்க்யூஎல் சர்வருக்கு ஒரு குவெரிக்கு 2,100 பாராமீட்டர்கள்தான். டைனமோடிபியின் பேட்ச்கெட்ஐட்டம் ஒரு முறைக்கு 100 ஐட்டங்கள், 16 எம்பி. 100-க்கு மேல் கேட்டால் பிழை; 16 எம்பிக்குள் அடங்காமல் மீந்தவை 'அன்ப்ராசஸ்ட்கீஸ்' என்ற பகுதியில் திரும்பி வரும். அவற்றைக் கவனிக்காமல் நல் என்று எடுத்துக்கொண்டால் இருக்கும் தகவலை இல்லை என்று சொன்னதாகிவிடும். பதிலின் வரிசைக்கும் அங்கே உறுதி இல்லை. இன்னொரு சர்வீஸின் ஏபிஐயை ஐடிக்கள் கோத்த யூஆர்எல்லால் அழைப்பதானால் நீளத்தைக் கணக்கிடுங்கள்: என்ஜின்எக்ஸ் இயல்பாக 8 கேபிக்கு மேற்பட்ட ரெக்வெஸ்ட் வரியை 414 என்று திருப்பிவிடும். ஒரு யூயூஐடிக்கு 36 எழுத்து, ஒரு காற்புள்ளி. 220-ஐத் தாண்டும்போதே எல்லை வந்துவிடும். 100 என்று வைத்துக்கொண்டால் நிம்மதி.

ஏபிஐயில் பேட்ச் வசதியே இல்லை என்றால்? அப்போதும் லோடர் வீண் அல்ல. ஒரே கீ இரண்டு முறை போகாமல் தடுக்கும். பேட்ச் ஃபங்ஷனுக்குள் ஒரே நேரத்தில் 5 அல்லது 10 அழைப்புகள்தான் என்று கட்டுப்படுத்தலாம். அங்கே 'ப்ராமிஸ்.ஆல்செட்டில்ட்' பயன்படுத்தி, தோற்றவற்றின் இடத்தில் எரர் ஆப்ஜெக்ட்டை வையுங்கள். வெறும் 'ப்ராமிஸ்.ஆல்' என்றால் ஒன்று தோற்றதும் எல்லாம் தோற்கும்.

ரெக்வெஸ்ட்டுக்கு ஒரு லோடர்

லோடரை ஃபைலின் மேல்பகுதியில் ஒரு முறை உருவாக்கி எல்லா இடத்திலும் இம்போர்ட் செய்துகொள்வது பார்க்க வசதியாக இருக்கும். செய்யாதீர்கள். லோடர் தான் ஏற்றிய ஒவ்வொரு கீயையும் தன் ஆயுள் முழுவதும் வைத்திருக்கும். காலாவதி என்பது கிடையாது. சர்வர் ஓடும்வரை மெமரி ஏறிக்கொண்டே போகும். வாடிக்கையாளர் நேற்று மாற்றிய முகவரி இன்றும் பழையபடியே தெரியும். அதைவிடக் கொடியது, ஒரு மேலாளரின் உரிமையில் ஏற்றிய ரெக்கார்டு உரிமை இல்லாத ஒருவருக்கு அப்படியே போய்விடும்.

டேட்டாலோடரின் கேச் ரெடிஸுக்கு மாற்று அல்ல. ஒரு ரெக்வெஸ்ட்டின் ஆயுளுக்குள் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்காமல் இருப்பதற்கான நினைவு அது. ஆகவே எல்லா லோடர்களையும் கட்டித்தரும் ஒரு ஃபங்ஷனை எழுதுங்கள். டேட்டாபேஸ் இணைப்பையும், பார்ப்பவர் யார் என்பதையும் அது வாங்கிக்கொள்ளட்டும். எக்ஸ்பிரஸில் மிடில்வேரில் அழைத்து ரெக்வெஸ்ட் ஆப்ஜெக்ட்டில் ஒட்டிவிடலாம்; கிராஃப்க்யூஎல் சர்வரில் கான்டெக்ஸ்ட் ஃபங்ஷனுக்குள் அழைக்கலாம். லோடர் உருவாக்குவது மிக மலிவான வேலை. ஒரு ரெக்வெஸ்ட்டுக்கு 30 லோடர் உருவாக்கினாலும் கவலை வேண்டாம். வெப்சாக்கெட் சப்ஸ்கிரிப்ஷனில் கான்டெக்ஸ்ட் இணைப்பு உள்ளவரை வாழும், ஆகவே அங்கே ஒவ்வொரு நிகழ்வுக்கும் புது லோடர்கள். வொர்க்கரில் ஒவ்வொரு ஜாபுக்கும்.

கேச்சே வேண்டாம் என்று 'கேச்' ஆப்ஷனை ஃபால்ஸ் ஆக்கினால் ஒன்று கவனியுங்கள்: ஒரே கீ ஒரே பேட்ச்சில் பல முறை வரும். மேப் வழியாகத் திருப்பும் முறையில் எழுதியிருந்தால் தாங்கும். டைனமோடிபி தாங்காது, இரட்டைக் கீக்களுக்கு அது பிழை தரும்.

பேட்ச் உடையும் இடங்கள்

முதலாவது, லூப்புக்குள் அவெய்ட். ஆர்டர்களை 'ஃபார்-ஆஃப்' லூப்பில் நடந்து, உள்ளே வாடிக்கையாளரை அவெய்ட் செய்து லோட் செய்தால், முதல் பதில் வரும்வரை இரண்டாவது லோட் அழைக்கப்படவே இல்லை. ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரே கீ. லோடர் இருந்தும் பயனில்லை. அரேயின் 'மேப்' மெத்தடால் ஆர்டர்களை நடந்து ஒவ்வொன்றுக்கும் லோட் அழைத்து, கிடைக்கும் ப்ராமிஸ்களை 'ப்ராமிஸ்.ஆல்' கொண்டு ஒன்றாக அவெய்ட் செய்யுங்கள்.

'லோட்மெனி' என்ற மெத்தடும் உண்டு. அதன் நடத்தை வேறு: 2019-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து அது தோற்காது. தோற்ற கீயின் இடத்தில் எரர் ஆப்ஜெக்ட்டை வைத்து அரேயைத் தரும். அதைச் சோதிக்காமல் பெயரை எடுக்கப் போனால் எரர் ஆப்ஜெக்ட்டில் பெயர் தேடுவீர்கள், கிடைப்பது அன்டிஃபைன்ட்.

இரண்டாவது, சமமில்லாத பாதைகள். சில ஆர்டர்கள் லோட் அழைக்கும் முன் ரெடிஸில் எதையோ பார்த்துவிட்டு வருகின்றன, மற்றவை நேராக வருகின்றன. நேராக வந்தவை ஒரு பேட்ச்சில் கிளம்பிவிடும். ரெடிஸ் போனவை பின்னால் சிதறிச் சிதறி வரும். அந்த ரெடிஸ் தேடலையும் ஒரு லோடராக்கினால் எல்லாம் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பும், அடுத்த பேட்ச்சும் ஒன்றாகக் கூடும். இதுவே சிறந்த வழி. லோடருக்கு உள்ளேயும் இதே சிந்தனை இருக்கிறது: பேட்ச் சேர்ந்துகொண்டிருக்கும்போது ஏற்கெனவே நினைவில் உள்ள கீயைக் கேட்டாலும், அதன் பதிலை அந்தப் பேட்ச் கிளம்பும் வரை நிறுத்தி வைக்கும்.

முடியாதபோது 'பேட்ச்ஷெட்யூல்எஃப்என்' என்ற ஆப்ஷனில் டைம்அவுட் கொடுத்து 5 அல்லது 10 மில்லி செகண்ட் சீட்டைப் பிடித்துவைக்கலாம். ஆனால் ஒவ்வொரு படிக்கும் அந்தத் தாமதம் சேரும். மூன்று அடுக்கு ஆழமான பக்கத்தில் 10 என்பது 30 ஆகிவிடும். அளந்து பார்த்த பிறகே போடுங்கள்.

மூன்றாவது தவறு பேட்ச்சை உடைக்காது, சர்வரையே வீழ்த்தும். லோட் அழைத்து ப்ராமிஸை ஒரு மாறியில் வைத்துவிட்டு, நடுவில் வேறொன்றை அவெய்ட் செய்து, பிறகு இதை அவெய்ட் செய்கிறீர்கள். நடுவில் இருக்கும்போது இந்த ப்ராமிஸ் தோற்றால் அதைப் பிடிக்க யாரும் இல்லை. நோட் 15-இலிருந்து, பிடிக்கப்படாத நிராகரிப்பு ப்ராசஸையே நிறுத்திவிடும். இரண்டையும் ப்ராமிஸ்.ஆல் ஒன்றுக்குள் வைத்தால் இந்தப் பள்ளம் இல்லை.

ஒன்றுக்குப் பல

ஓர் ஆர்டரின் வரிகள் போன்ற உறவில் ஒவ்வொரு கீக்கும் ஓர் அரே வர வேண்டும். ஆர்டர் ஐடி வாரியாகக் குழுவாக்கி மேப்பில் அரேக்களாகச் சேருங்கள். இல்லாத கீக்கு நல் அல்ல, வெற்று அரே. 'ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடைசி 3 ஆர்டர்கள்' என்றால் குவெரியின் முடிவில் 'லிமிட் 3' போட முடியாது. அது மொத்தத்துக்குமே 3 ரெக்கார்டு தரும். வாடிக்கையாளர் வாரியாகப் பிரித்து 'ரோநம்பர்' விண்டோ ஃபங்ஷனால் எண்ணிட்டு, 3 வரை உள்ளவற்றை எடுங்கள். ஒருவருக்கே பல்லாயிரம் ஆர்டர்கள் இருக்கக்கூடும் என்றால் போஸ்ட்கிரஸில் 'லேட்டரல்' ஜாயின் வேகமானது, வாடிக்கையாளர் ஐடியும் தேதியும் சேர்ந்த இன்டெக்ஸ் இருக்க வேண்டும்.

எத்தனை வேண்டும் என்பதும் கீயின் பகுதியானால் (ஒரு இடத்தில் 3, இன்னொரு இடத்தில் 10) கீ ஓர் ஆப்ஜெக்ட் ஆகும். கேச்கீஎஃப்என்-இல் இரண்டையும் கோத்து ஒரு ஸ்ட்ரிங் ஆக்குங்கள். வடிகட்டல், வரிசை, பக்க எண் என்று கீ வளர்ந்துகொண்டே போனால் நிறுத்திக்கொள்வது நல்லது. அங்கே பேட்ச் செய்ய ஒன்றும் மிச்சமிருக்காது, தனிக் குவெரியே தெளிவு. அதேபோல, எப்போதும் சேர்ந்தே தேவைப்படும் இரண்டு டேபிள்களுக்கு ஒரு ஜாயின் போதும்.

எழுதிய பின் படிப்பது

அதே ரெக்வெஸ்ட்டுக்குள் ஒரு வாடிக்கையாளரை மாற்றிவிட்டால் லோடரில் அவரது கீயை 'க்ளியர்' செய்யுங்கள். புதிய ரெக்கார்டு கையில் இருந்தால் 'ப்ரைம்' கொண்டு ஊட்டலாம். ஆனால் ஏற்கெனவே உள்ள கீயை ப்ரைம் மாற்றாது, சத்தமில்லாமல் விட்டுவிடும். க்ளியர் செய்த பிறகே ப்ரைம். ஐடியாலும் மின்னஞ்சலாலும் தேடும் இரண்டு லோடர்கள் இருந்தால், ஒன்று ஏற்றியதை மற்றதிலும் ப்ரைம் செய்வது ஒரு குவெரியை மிச்சப்படுத்தும். மாற்றும்போது இரண்டையும் க்ளியர் செய்ய மறக்காதீர்கள்.

ட்ரான்சாக்‌ஷனுக்குள் பூலின் லோடரைப் பயன்படுத்தக் கூடாது. லோடர் வேறொரு கனெக்‌ஷனில் படிக்கும். கமிட் ஆகாத மாற்றம் அதற்குத் தெரியாது. அதைவிட, ட்ரான்சாக்‌ஷன்கள் பூலின் 10 கனெக்‌ஷன்களையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் லோடருக்காகப் பதினோராவது கனெக்‌ஷனுக்குக் காத்திருந்தால் எல்லாம் அப்படியே உறைந்துவிடும். 'பிஜி' பூலில் கனெக்‌ஷனுக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு நாம் வைக்காதவரை எல்லையும் கிடையாது. லோடர்களைக் கட்டும் ஃபங்ஷன் டேட்டாபேஸ் இணைப்பை வாங்கும்படி எழுதச் சொன்னது இதற்காகவும்தான்: ட்ரான்சாக்‌ஷனின் கனெக்‌ஷனைக் கொடுத்துப் புது லோடர்களைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பேட்ச் ஆகிறதா என்று பார்ப்பது

ஒவ்வொரு பேட்ச் ஃபங்ஷனிலும் லோடரின் பெயர், கீக்களின் எண்ணிக்கை, ஆன நேரம் மூன்றையும் லாகில் எழுதுங்கள். கீக்களின் எண்ணிக்கை 1, 1, 1 என்று ஓடினால் எங்கோ லூப்புக்குள் அவெய்ட் இருக்கிறது. 31, 1, 1, 4, 1 என்று சிதறினால் சமமில்லாத பாதை. 50 என்று ஒரே வரியில் நின்றால் சரி.

டெஸ்ட்டும் எழுதிவையுங்கள். டேட்டாபேஸ் அழைப்பைச் சுற்றி ஓர் எண்ணியை (கவுன்ட்டர்) வைத்து, 3 ஆர்டர்களோடு ஒரு முறையும் 30 ஆர்டர்களோடு ஒரு முறையும் அதே ரெக்வெஸ்ட்டை ஓட்டுங்கள். இரண்டு முறையும் குவெரிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். 4 என்று எண்ணையே டெஸ்ட்டில் எழுதிவைத்தால் நாளை ஒரு புதிய உறவு சேரும்போது டெஸ்ட் உடையும். இரண்டும் சமமா என்று மட்டும் பார்த்தால் பேட்ச் உடைந்தால் மட்டுமே உடையும். வரிசை மாறாமல் இருக்கிறதா என்பதற்குத் தனியாக ஒன்று: கீக்களை வேண்டுமென்றே 12, 3, 7 என்று கலைத்து, நடுவில் 9999 போல இல்லாத ஒன்றைச் செருகி லோட் செய்து, ஒவ்வொரு பதிலின் ஐடியும் கேட்ட கீதானா, 9999-க்கு நல் வந்ததா என்று சரிபாருங்கள். புதிதாக ஒரு லோடர் எழுதும்போது முதலில் எழுத வேண்டியது இந்த டெஸ்ட்டைத்தான்.